அழுகல் நிற்கும் இடம்

காலை ஒன்பது இருபதுக்குப் பதினேழு அடேனியம் செடிகளையும் மங்கையர்க்கரசி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடித்திருந்தாள். பதினாறின் அடிக்கிழங்கு கல்லாக இருந்தது. பதினேழாவதில் நேற்றுச் சாயங்காலம் போலவே விரல் உள்ளே போனது, கூடையின் அடியில் மறந்துபோன சப்போட்டாவில் போவது மாதிரி, தோல் ஒரு கணம் தடுத்துவிட்டு வழிவிட்டது. அந்த வாசனை. பூச்சாடியில் ஒரு வாரம் மாற்றாமல் நின்ற தண்ணீரின் வாசனை. இருபத்தொன்பது வருடம் அரசு மருந்தகத்தில் மருந்து எடுத்துக்கொடுத்த மூக்கு, மூடியைத் திறந்ததும் மருந்து கெட்டதா இல்லையா என்று சொல்லிவிடும் மூக்கு, இதை எப்படித் தவறவிட்டது. பதினான்கு வருடச் செடி. அவள் கையால் விதை போட்டது, காய் வெடித்து விதை பஞ்சோடு பறந்துவிடாமல் நூல் சுற்றிக் கட்டிவைத்துக் காத்து எடுத்த விதை. சேனைக்கிழங்கு கணக்காக உட்கார்ந்திருக்கும் அடி, அதிலிருந்து மூன்று கிளை, வெயில் ஏறிய மாதங்களில் இலை தெரியாமல் பூ. பாலைவன ரோஜா என்று நர்சரிப் பலகையில் எழுதியிருக்கும். பெரம்பூரில் இரண்டாவது மாடிப் பால்கனியில் பாலைவனத்துக்கு எங்கே போவது, கிழக்கு வெயில் நாலு மணி நேரம் விழும், மண்ணில் பாதிக்குப் பாதி செங்கல் உடைசலும் கரியும் கலந்தால் தண்ணீர் நிற்காது, அவ்வளவுதான் பாலைவனம். ஐப்பசி மழை தொடங்கிய அன்றைக்கே பதினேழையும் உள்பக்கம் இழுத்துவைத்தாள். அன்றிலிருந்து தை முடிகிறவரை ஒரு சொட்டு கிடையாது. கிழங்குக்குள்ளேயே தண்ணீர் வைத்திருக்கிறது, இலை மஞ்சளாகி உதிர்ந்தால் உதிரட்டும், அது தூக்கம், மாசி வெயிலில் எழுந்துகொள்ளும். ஒரு சொட்டு கிடையாது என்றால் கிடையாது. பிறகு இந்த ஒன்று மட்டும் ஏன் நனைந்திருந்தது. சாரல் இல்லை. சாரல் என்றால் பக்கத்துத் தொட்டியும் நனைந்திருக்கும். மேல்வீட்டு ஏசி சொட்டுகிறதா என்று நேற்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள், சிமெண்டு காய்ந்து கிடந்தது. அறுபத்தொரு வயதில் ஸ்டூல் மேல் ஏறினாயே, விழுந்திருந்தால் வீட்டுக்காரரை யார் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போவது.

தொட்டியைச் சாய்த்துத் தட்டியதும் செடி தானாகவே வந்துவிட்டது. அதுவே கெட்ட சகுனம், நல்ல செடி என்றால் இரண்டு ஆள் இழுத்தாலும் மண்ணை விடாது. வேர்கள் குழைந்த சேமியா மாதிரி கையோடு வந்தன. பேப்பரை விரித்து அதன் மேல் கிடத்தினாள். கையுறை மாட்டினாள், இதன் பால் கண்ணில் பட்டால் ஆகாது. கத்தியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள், இந்த வீட்டில் உப்பு தீர்ந்துபோனாலும் போகும், ஸ்பிரிட் பஞ்சு தீராது. அடியிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு முதல் துண்டு. உள்ளே காப்பித் தூள் நிறம், ஓரம் வரைக்கும். சரி, முதல் துண்டு அப்படித்தான் இருக்கும். கத்தியைத் துடை. துடைக்காமல் அடுத்ததை வெட்டினால் கத்தியே அழுகலை மேலே கொண்டுபோய் வைத்துவிடும். பத்தடி தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார், அவள் கணவர், அறுபத்தாறு, இடது கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. அந்தக் கையில்தான் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி. "பேப்பர் எங்க மங்கை?" என்றார். "கீழ விரிச்சிருக்கேன்." "அது இன்னிக்கிப் பேப்பர்." "இன்னிக்கி ஒண்ணும் நடக்கல. நாளைக்குப் படிங்க." "செத்தவன் பேரெல்லாம் அதுலதான் இருக்குது. அது மேல போட்டு அதையும் அறுக்குற." செத்தவர்கள் என்றதும் நேற்றுச் சாயங்காலம் போட்ட போட்டோ நினைவுக்கு வந்தது. வாட்ஸாப்பில் அடேனியம் அன்பர்கள் குழு, நூற்றெண்பது பேர். ஒரு செடி அழுகினால் படம் போடுவார்கள், எல்லாரும் கும்பிட்ட கை போடுவார்கள், யாராவது ஒருவர் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதுவார், வேடிக்கைக்காக ஆரம்பித்த வழக்கம், இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவள் என்ன செய்யலாம் என்று கேட்டுத்தான் படம் போட்டாள். பதில் வருவதற்குள் இருபத்தாறு கும்பிட்ட கை. பிறகு குழுவின் தலைவர் வில்வநாதனின் குரல், வேலூர்ப் பல் டாக்டர், பல்லைப் பிடுங்கிப் பழகிய குரல். "மேடம், இது போயிடுச்சி. மேல இருக்கற கெளைய ஒடச்சி நட்டுக்குங்க, அடியைக் குப்பையில போட்டுடுங்க. சென்டிமென்ட் பாக்காதீங்க." கிளையை நட்டால் முளைக்கும், யார் இல்லை என்றார்கள். குச்சியிலிருந்து வருகிற செடிக்குக் கிழங்கு கட்டாது. குச்சி குச்சியாகவே நிற்கும். பதினான்கு வருடம் ஊதி ஊதிப் பெருத்த இந்த அடி திரும்ப வராது. கிளைகள் பிரியும் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் கிழங்கு இருக்கிறது. அந்த ஒரு சாணுக்குள் எங்காவது அழுகல் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் செடி உண்டு. கழுத்துவரை போயிருந்தால் பல் டாக்டர் சொன்னது சரி. இரண்டாவது துண்டு. ஓரம் வரைக்கும் பழுப்பு.

மூன்றாவதை வெட்டும்போது அந்த நினைப்பு வந்தது, நேற்றுப் படுக்கும்போது வந்து, விரட்டி, பல் தேய்க்கும்போது மறுபடி வந்த அதே நினைப்பு. இதில் நல்ல சதை இருந்தால். இருந்தால் என்ன. இருந்தால் செடி பிழைக்கும், வேறு என்ன. இல்லை, நீ வேறு ஒன்று நினைத்தாய், இருந்தால் அவரும் என்று நினைத்தாய், இல்லாவிட்டால் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தினாய். வெட்கமாக இல்லையா, மருந்து படித்தவள். செடி செடி. அவர் தணிகாசலம். ரயில் பெட்டிக்கு வெல்டிங் செய்த ஆள், முப்பத்து நாலு வருடம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்த ஆள், அவரிடம் போய் ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி என்றார்கள். குழம்பு, காப்பி எல்லாம் தனி, வெறும் தண்ணீர் எழுநூற்றைம்பது. அவள்தான் அளந்தாள். அளப்பது அவளுக்குப் புதிதா. காலை ஆறு மணிக்கு எவர்சில்வர் பிளாஸ்க்கில் ஜில்லென்று ஊற்றிக் கையில் கொடுப்பாள், ஜில்லென்று இருந்தால் கொஞ்சத்திலேயே நாக்கு அடங்கும், நாள் முழுவதற்கும் அதுதான், பிளாஸ்க் மூடிதான் டம்ளர். முதல் ஐந்து மாதம் சண்டை. குளிக்கப் போய் ஷவர் தண்ணீரைக் குடித்தார். கோயிலில் தீர்த்தம் வாங்க மூன்று முறை வரிசையில் நின்றார். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று கிலோ, மூன்றேகால் கிலோ ஏறும், எல்லாம் தண்ணீர், கணுக்கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி, மெஷின் அதையெல்லாம் நாலு மணி நேரத்தில் உறிஞ்சும்போது கால் நரம்பு இழுத்துக்கொண்டு அவர் கத்துவார். ஒரு தடவை ரத்த அழுத்தம் விழுந்து கண் மேலே செருகிவிட்டது. அந்த வெள்ளை விழி. கத்தியைத் துடை, துடை. பிறகு கார்த்திகையில் ஒரு நாள் இரண்டு கிலோதான் ஏறியிருந்தது. அடுத்து ஒன்று எண்ணூறு. பொங்கல் அன்றைக்கும் ஊசிதான், அன்றைக்கு ஒன்றரை. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிரிசில்லா சொன்னாள், "என்ன ஆன்ட்டி மந்திரம் போட்டீங்க? சார் எங்க பேட்ச்ல இப்ப ஃபர்ஸ்ட் ரேங்க்." மந்திரம் இல்லைம்மா, அளவு, என்று அவள் சொன்னாள். வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு எடையையும் பேனாவால் எழுதி, குறைந்த எடைகளைச் சுற்றி வட்டம் போட்டாள். இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தண்ணீர் தராமல் காப்பாற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு நாள் துணி உலர்த்தும்போது நினைத்துச் சிரித்ததும் உண்டு. இரண்டு பேர் என்றால் ஒருவர் அவர். இன்னொன்று செடி. பார், மறுபடி அங்கேயே வந்து நிற்கிறாய். மூன்றாவது துண்டு பேப்பரில் விழுந்தது. அதன் மேற்புறம் பழுப்பு. ஓரத்தில் கால் ரூபாய் அகலத்துக்குத் தந்தநிறம். ஓரத்தில் நிற்பது நிற்பதல்ல, நடுவில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

"எத்தினி வெட்டு ஆச்சி?" என்றார். "மூணு." "மயக்க ஊசி போட்டியா?" "உங்களுக்குப் போடுறேன் இருங்க." அவர் சிரிக்கவில்லை. அவர் பகடி பண்ணிவிட்டு அவரே சிரிக்கிற ஆள், சிரிக்காமல் இருந்தால் ஏதோ இருக்கிறது, கால் வீக்கமா, மூச்சா, அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மங்கை, கோவப்படாத." முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அப்படி ஆரம்பித்த எந்த வாக்கியமும் நன்றாக முடிந்ததில்லை. "தண்ணி நான்தான் ஊத்துனேன்." கத்தி நாலாவது துண்டில் பாதி இறங்கியிருந்தது. "எந்தத் தண்ணி?" "என் தண்ணிதான். வேற ஏது எனக்கு? நீ சாயங்காலம் காய் வாங்க கீழ போவல்ல, அப்ப. ஒரு மூடி எனக்கு, ஒரு மூடி அதுக்கு." "எப்பலேந்து?" "எலை கொட்ட ஆரம்பிச்சிதில்ல, அப்பலேந்து. தெனம் ரெண்டு ரெண்டு மூடி. சில நாளு மூணு." "இது தூங்குதுன்னு சொன்னேனா இல்லியா? தண்ணியே காட்டக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?" "சொன்ன. எனக்கும்தான் சொன்ன, தண்ணி கொஞ்சமா இருந்தா நல்லா இருப்பீங்கன்னு. எனக்கு எப்பிடி இருக்குதுன்னு எனக்குத்தானே தெரியும். நாக்கு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கும் மங்கை. எதிர்க்க அது ஒவ்வொரு எலையா கொட்டிக்கினு ஒக்காந்திருக்குது. நான் மட்டும் குடிச்சா எப்பிடி எறங்கும்?" அவர் இன்னும் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார், "தனியாக் குடிக்கறது கஷ்டம். ஒரு கம்பெனி வேணும்ல." வாழ்நாளில் பீர் பாட்டிலைத் தொடாத மனிதன், கம்பெனியாம். பிளாஸ்க்கைத் தூக்கி எறியலாம் போல இருந்தது, அவரையும் சேர்த்து. பதினான்கு வருடம், பாவி மனுஷா, பதினான்கு வருடம், நீ வேலைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தாய், இதற்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டதில்லை, ரிட்டயர் ஆகி, நோய் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இப்போதுதான் அதைப் பார்த்தாயா, பார்த்ததும் கொன்றாயா. எவர்சில்வர் பிளாஸ்க். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் மட்டம் தெரிந்திருக்கும். எவர்சில்வரில் எது தெரியும். அதில் எழுநூற்றைம்பது ஊற்றினாள், சாயங்காலம் காலியாக வந்தது, குடித்தார் என்று எழுதினாள். மூடி எவ்வளவு பிடிக்கும். நூறு மில்லி. தினம் இரண்டு மூடி, சில நாள் மூன்று. இருநூறு, முந்நூறு. அவளுக்குக் கணக்கு தானாக ஓடியது, நிறுத்த முடியவில்லை, மருந்தகத்தில் அப்படித்தான், கை மாத்திரை எண்ணும்போது வாய் வேறு பேசும். இருநூறு மில்லி தினம். எலை கொட்ட ஆரம்பித்தது எப்போது. கார்த்திகை. நாள்காட்டியில் முதல் வட்டம் எப்போது. கார்த்திகை.

நேற்றிலிருந்து துரத்திய நினைப்பு இப்போது முன்னால் வந்து நின்றது, ஆனால் அவள் பயந்த மாதிரி இல்லை, தலைகீழாக. இது அழுகினால் அவருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாளே, இது அழுக அழுகத்தான் அவர் தேறியிருக்கிறார். அவருக்குள் போய்க் கணுக்காலில் தேங்கி நுரையீரலில் ஏறி இருக்க வேண்டிய தண்ணீர் தினம் இரண்டு மூடியாக இங்கே இறங்கியிருக்கிறது. அளவு என்று பிரிசில்லாவிடம் சொன்னாளே, அளவு அவளுடையது இல்லை. வட்டம் போட்டாளே, வட்டத்தில் பாதி இந்தக் கிழங்குக்குப் போட்டிருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில்தான் வந்தது. "என்னா மங்கை, அழுவுறியா?" "பேசாதீங்க. பேசுனீங்கன்னா கத்தி இங்க வராது, அங்க வரும்." அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா, வேலை முடிந்தது, நன்றி என்று சொல்லி. இருபத்தாறு கும்பிட்ட கையோடு இருபத்தேழாவது. முடியாது. அவள் பல்லைக் கடித்தாள். இதை இப்போது எந்தக் கொம்பனுக்கும் விடமுடியாது. நேற்று இது அவள் செடி, இப்போது இந்த வீட்டுக்கு உழைத்த ஆள். இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று எந்தக் கடையிலும் அவள் பேரம் பேசி நின்றதில்லை, இங்கேயும் நிற்கமாட்டாள். பாதியில் நின்ற கத்தியை இறக்கினாள். நாலாவது துண்டு. பழுப்பு சுருங்கி நடுவில் ஒரு ரூபாய் அளவு, சுற்றி வெள்ளை. துடை. ஐந்தாவது. கழுத்துக்கு இன்னும் நாலு விரல்தான். நடுவில் ஒரு பொட்டு. மிளகு அளவு. ஒரு மிளகு மிச்சம் வைத்தாலும் ஒரு மாதத்தில் முழுதும் தின்றுவிடும், இதில் கருணை காட்டிய ஆளெல்லாம் குழுவில் படம் போட்டிருக்கிறார்கள். ஆறாவது, மெல்லிசாக, வெள்ளரிக்காய் நறுக்குவது போல. பொட்டு கடுகானது. ஏழாவது. அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தாள். தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை, ஓரம் முதல் ஓரம் வரை, ஈரம் மினுங்க, நடுவிலிருந்து பால் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. மோந்து பார்த்தாள். பச்சை வாசனை. கழுத்துக்குக் கீழே மூன்று விரல் முழுசாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். கல்.

"இருக்குதா?" என்றார் அவர். எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை, வலது கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. "இருக்குது." "கண்ணால பாத்துட்டுச் சொல்லு." "கண்ணாலதான் பாக்குறேன், மூக்காலயா பாக்குறேன்?" அவர் குனிய முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை, அவள் செடியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். வெட்டிய வெள்ளை முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இனிமே இதுக்கு எத்தினி மில்லி?" என்றார். "ஒரு மாசத்துக்கு ஒண்ணும் கெடையாது. காயம் ஆற பதினஞ்சு நாள் நெழல்ல தொங்கணும். அப்புறம் காஞ்ச மண்ணு." "எனக்கு?" எழுநூற்றைம்பது என்று ஊற்றினாள், ஐந்நூறுக்கும் கொஞ்சம் மேலே குடித்துவிட்டு ஒரு மனிதன் முதல் ரேங்க் வாங்கியிருக்கிறான். மிச்சத்தை எங்கே ஊற்றுவது. "நாளைக்கி டாக்டர்கிட்டயே கேப்போம். கூட நான் ஒக்காந்து குடிக்கிறேன், கம்பெனிக்கு. ஒரு மூடி உங்களுக்கு, ஒரு மூடி எனக்கு." "நீ ஒரே மடக்குல குடிச்சிருவ. அது நின்னு நிதானமாக் குடிக்கும்." "அதான் அழுவிப்போச்சி." அவர் இப்போது சிரித்தார், அவர் பகடிக்கு இல்லை, அவளுடையதற்கு. அவள் மஞ்சள்தூளும் மருந்துப் பொடியும் குழைத்து வெட்டுக்காயம் முழுக்கப் பூசினாள், சந்தனக்காப்பு மாதிரி கெட்டியாக, பிறகு சணல் கயிறு கட்டித் துணிக்கொடி மூலையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பூசுவதற்கு முன்பு எடுத்த படத்தை, அந்த வெள்ளை முகமும் பக்கத்தில் ஏழு துண்டும் தெரிய, அனுதாபங்களுக்குக் கீழே போட்டாள். ஒன்றும் எழுதவில்லை. எழுத ஆயிரம் இருந்தது, பல் டாக்டருக்கென்றே நேற்றிரவு மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தாள், ஒன்றும் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் குரல் வந்தது. "மேடம், ஏழு வெட்டா? நான் ரெண்டாவதுலயே விட்டிருப்பேன். எப்படி ஊத்துனீங்க இவ்ளோ தண்ணி, நீங்களா?" தணிகாசலம் கையை ஆட்டினார், சொல்லாதே என்று. அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள், வாழ்க்கையில் அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது, பெரம்பூர் முழுக்கக் கேட்கிற குரல். "ஆமா டாக்டர். எங்க வீட்டுக்கு அது தேவைப்பட்டுச்சி." பால்கனியைக் கழுவினாள். ஏழு துண்டுகளையும் அவர் பேப்பரோடு சுருட்டி, செத்தவர்கள் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குப்பை வண்டிக்கு எடுத்துவைத்தார். மணி பத்து முப்பத்தைந்து. துணிக்கொடியில் செடி காற்றுக்கு லேசாகத் திரும்பியது, மஞ்சள் முகம் ஒரு தடவை தெருப்பக்கம், ஒரு தடவை வீட்டுப்பக்கம்.

மே 19, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் செடியில் ஏழு பூ பூத்தது. எண்ணியவர் தணிகாசலம்.